அயலாக்கமும் உறவுமுறையும்: கணினி வேலை கடல் கடந்த கதை

"அவுட்சோர்சிங்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் அயலாக்கம், புறத்திறனீட்டம் எனச் சில சொற்கள் வழங்கி வருகின்றன. ஒரு நிறுவனம் தான் செய்ய வேண்டிய வேலையை வெளியில் உள்ள இன்னொருவரிடம், பெரும்பாலும் கூலி குறைந்த நாடொன்றில் உள்ளவரிடம், ஒப்படைத்துச் செய்விப்பதே இதன் பொருள். இச்சொற்களுள் அயலாக்கம் என்பதே எனக்கு உவப்பானது. அயல்நாடு, அயலார் என்னும்போது அயல் என்ற சொல் அந்நியத்தைக் குறிக்கும். எமது கிழக்குக் கரையில் அயலவர், அயலட்டை என்னும்போதோ அது பக்கத்து வீட்டைக் குறிக்கும். கணினி வேலை கடல் கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றில் இந்த இரண்டு பொருளும் மாறிமாறி வருவதைக் காணலாம்.

கல்முனை முதல் திருக்கோவில் வரையான அம்பாறைக் கரையோரத்தில் படித்த இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் கொழும்புக்கும் வந்த கணினி வேலைகள் எமது ஊர்களுக்கு ஏன் வரவில்லை என்பதே அது. இணைய வசதி போதாது, ஆங்கிலம் போதாது, முப்பது ஆண்டுப் போர் என்று பல விடைகள் சொல்லப்படுகின்றன. அவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இத்தொழிலின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவருக்கு வேறொரு விடையும் கிடைக்கும். வேலை எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அதற்கு முன்பே ஓர் அறிமுகம், ஓர் உறவு, ஒருவருக்காக இன்னொருவர் சொன்ன பிணை போய்ச் சேர்ந்திருந்தது. கம்பியும் செய்மதியும் அதன் பின்னரே வந்தன. இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வேலையை வெளியில் கொடுக்கும் பழைய முறை

வேலையை வெளியில் ஒப்படைப்பது எமக்குப் புதிய விடயமன்று. மட்டக்களப்புத் தேசம் என்று முன்னோர் அழைத்த இக்கரையோரத்தில், வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் தாமே வயலில் இறங்குவதில்லை. முல்லைக்காரர் என்போரிடம் வேலை ஒப்படைக்கப்படும். விதைநெல்லையும் செலவுக்குப் பணத்தையும் போடியார் கொடுப்பார். அறுவடையானதும் கணக்குத் தீர்க்கப்படும். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இராது. ஆனால் முல்லைக்காரரின் வீட்டில் கலியாணம் என்றால் போடியார் வீட்டில் இருந்து நெல் போகும். போடியார் வீட்டில் விசேடம் என்றால் முல்லைக்காரரின் குடும்பமே வந்து நிற்கும். அந்த உறவில் அன்பும் இருந்தது, அடிமைத்தனத்தின் சாயலும் இருந்தது. முல்லைக்காரர் கடனில் இருக்கும் வரை வேறொரு போடியாரிடம் போவது எளிதன்று.

கல்முனைக்கு வடக்கே மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். நூலை வியாபாரி கொடுக்க, நெசவாளர் தமது வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி பெறும் முறை உலகெங்கும் நெசவு ஊர்களில் இருந்து வந்த ஒன்று. ஐரோப்பாவில் தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு முன்னர் கம்பளியும் லினனும் இவ்வாறே நெய்யப்பட்டன. வேலை வீட்டுக்கு வரும். விலையை நிர்ணயிப்பவர் வேறெங்கோ இருப்பார்.

பத்திரிகைத் தொழிலும் இதற்கு விலக்கன்று. கொழும்பில் உள்ள பத்திரிகை அலுவலகம் கிராமத்துச் செய்தியைத் தன் நிரந்தர ஊழியரைக் கொண்டு சேகரிப்பதில்லை. பிரதேச நிருபர் அதனைச் செய்வார். அவர் அநேகமாக ஒரு பாடசாலை ஆசிரியராகவோ கூட்டுறவுச் சங்க உத்தியோகத்தராகவோ இருப்பார். அச்சில் வரும் வரிகளின் அளவுக்கே அவருக்குப் பணம். தொண்ணூறுகளில் நான் இத்தொழிலுக்கு வந்தபோது, பாதை மூடப்பட்ட நாள்களில் கொழும்புக்குப் போகும் தெரிந்தவர் எவரிடமாவது செய்தியைக் கொடுத்தனுப்புவோம். செய்தி ஆசிரியர் அந்த நிருபரை நேரில் கண்டிருக்க மாட்டார். ஆயினும் அவர் எழுதியதை நம்பி அச்சேற்றினார். காரணம், நிருபரை அறிமுகம் செய்து வைத்தவரை ஆசிரியர் அறிந்திருந்தார். கணினி வேலையின் வரலாறும் இத்தகைய அறிமுகத்தில் இருந்தே தொடங்குகிறது.

ஆள் முதலில், வேலை பின்னர்

டாடா குழுமம் 1968 இல் டாடா கன்சல்டன்சி சேர்விசஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. மின்பொறியியலாளரான எஃப். சி. கோலி அதனை வழிநடத்தினார். எழுபதுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பரோஸ் கணினி நிறுவனத்தோடு ஏற்பட்ட தொடர்பே இந்நிறுவனத்துக்கு வெளிநாட்டு வேலைகளைத் திறந்துவிட்டது. அந்நியச் செலாவணி கடும் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. பெரிய கணினி ஒன்றை இறக்குமதி செய்ய வேண்டுமாயின் அதற்கு ஈடாக ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும் என்று இந்திய அரசு நிபந்தனை விதித்தது. ஏற்றுமதி செய்வதற்கு அவர்களிடம் இருந்தது மனித மூளை ஒன்றே. 1978 இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறிய பின்னர் உள்நாட்டு நிறுவனங்களுக்கு இடம் மேலும் விரிந்தது.

ஆனால் அக்காலத்தில் வேலை இந்தியாவுக்கு வரவில்லை. ஆள்களே அமெரிக்காவுக்குப் போனார்கள். 1981 இல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய இன்போசிஸ் நிறுவனத்தின் ஆரம்ப வேலைகளும் அமெரிக்க வாடிக்கையாளரின் அலுவலகத்திலேயே இருந்து செய்யப்பட்டவை. இதனை "ஆள் வியாபாரம்" என்ற பொருள்படும் ஒரு கேலிப் பெயரால் அழைத்தார்கள். கடல் கடந்து வேலையை அனுப்புவதற்கு அமெரிக்க முகாமையாளருக்கு மனம் வரவில்லை. பக்கத்து மேசையில் இருந்து வேலை செய்பவரை அவர் பார்க்கலாம், தவறு நேர்ந்தால் கேட்கலாம். அவ்வாறு பக்கத்தில் இருந்து, ஒன்றாகத் தேநீர் குடித்து, நம்பிக்கையைச் சம்பாதித்தவர் தாய்நாடு திரும்பிய பின்னரே அவரை நம்பி வேலையும் கடல் கடந்தது. அயலார் முதலில் அயலவர் ஆனார்.

1985 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தனது மையத்தை அமைத்துச் செய்மதி வழியாக அமெரிக்காவுடன் இணைத்தது. 1991 இல் இந்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பை உருவாக்கி, தனி நிறுவனங்கள் விலைகொடுத்து வாங்க முடியாத செய்மதித் தொடர்பைப் பொதுவில் வழங்கியது. 2000 ஆம் ஆண்டுச் சிக்கல் என்று உலகமே அஞ்சிய அந்தத் திகதிப் பிரச்சினை தொண்ணூறுகளின் இறுதியில் வந்தது. கோடிக்கணக்கான வரிகளைக் கொண்ட பழைய நிரல்களைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய ஆள்கள் மேற்கில் இல்லை. அமெரிக்கா 1990 இல் உருவாக்கிய எச்-1பி வீசாவின் ஆண்டு வரம்பு 65,000 ஆக இருந்தது. அது 1,15,000 ஆகவும் பின்னர் 2001 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 1,95,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. அன்று போனவர்கள் அமைத்த பாலத்தின் மீதுதான் பின்னர் வேலைகள் திரும்பி வந்தன.

யாருக்குக் கதவு திறந்தது

அறிமுகத்தின் வழியே வேலை வரும் என்றால், அறிமுகம் இல்லாதவர் வெளியே நிற்பார் என்பதும் அதன் மறுபக்கம். சென்னையின் மென்பொருள் ஊழியரை ஆராய்ந்த மானிடவியலாளர்களான கிறிஸ்டோபர் ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும், அந்நகரத்து மென்பொருள் நிறுவனங்களில் தமிழ்ப் பிராமணரின் பங்கு அவர்களது மக்கள்தொகைக்கு மிக விஞ்சியதாக இருந்ததை எழுதியுள்ளனர். இதற்கு யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. மூன்று தலைமுறைக்கு முன்னரே கிராமத்து நிலத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள் அவர்கள். ஆங்கிலக் கல்வியும் கணிதமும் பெற்றவர்கள். அமெரிக்காவில் ஏற்கனவே உறவினர் இருந்தவர்கள். புதிய தொழில் ஒன்று பிறந்தபோது அதன் வாசலில் அவர்கள் முன்னரே நின்றார்கள்.

அந்த வாசல் பின்னர் அகன்றது என்பதையும் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதியில் இருந்து தமிழ்நாட்டில் தனியார் பொறியியற் கல்லூரிகள் பெருகின. கொக்னிசன்ட் நிறுவனம் 1994 இல் சென்னையில் வேர்விட்டது. தரமணியில் டைடல் பூங்கா 2000 இல் திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. இட ஒதுக்கீடும், பொறியியல் நுழைவுத் தேர்வு 2007 இல் நீக்கப்பட்டதும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010 முதல் அளிக்கப்பட்ட கட்டணச் சலுகையும் கிராமத்து உழவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளை இக்கட்டடங்களுக்குள் கொண்டுவந்தன. ஆனால் உள்ளே வந்த பின்னரும் பழைய பழக்கம் தொடர்ந்தது. நிறுவனங்கள் புதிய ஊழியரைத் தேடும்போது இருக்கும் ஊழியரிடமே பெயர் கேட்டன. பெயர் கொடுத்தவருக்குச் சன்மானமும் கொடுத்தன. அண்ணன் தம்பியைச் சொல்வார், கல்லூரித் தோழன் தோழனைச் சொல்வார். தகுதி ஒன்றே அளவுகோல் என்று மார்தட்டிய தொழிலின் உள்ளே குடும்பமும் ஊரும் கல்லூரியும் அமைதியாக இயங்கி வந்தன.

சீதனமும் கணினியும்

இவ்வுறவுகள் பற்றிய மிகத் துல்லியமான ஆய்வுகளுள் ஒன்றைச் செய்தவர் சீன மானிடவியலாளரான ஷியாங் பியாவ். ஐதராபாத்திலும் அவுஸ்திரேலியாவின் சிட்னியிலும் களஆய்வு செய்து 2007 இல் அவர் வெளியிட்ட நூல், தெலுங்கு மென்பொருள் ஊழியரை வெளிநாடுகளுக்கு அனுப்பிய சிறு முகவர் நிறுவனங்களைப் பற்றியது. அம்முகவர்களும் பெரும்பாலும் தெலுங்கர்களே. ஊரில் இருந்து ஆளை வரவழைத்து, வேலை கிடைக்கும் வரை ஒரு வீட்டில் நெருக்கமாகத் தங்கவைத்து, வேலை கிடைத்ததும் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். வேலை இல்லாது காத்திருக்கும் காலத்துக்கு "பெஞ்ச்" என்று பெயர். காத்திருப்பவர் முகவரை எதிர்த்துப் பேச இயலாது. அவர் உறவினராகவோ உறவினருக்கு வேண்டியவராகவோ இருப்பார்.

இந்த வணிகத்துக்கான முதல் எங்கிருந்து வந்தது என்பதே அந்நூலில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி. கரையோர ஆந்திரத்தின் நெல்வயல்களில் இருந்து சேர்ந்த பணம் சீதனமாக மாறியது. சீதனம் கணினிப் படிப்பாகவும் வீசாவாகவும் விமானச் சீட்டாகவும் மாறியது. வெளிநாட்டில் கணினி வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குச் சீதனம் ஏறியது. அந்த ஏற்றத்தை எதிர்பார்த்தே பெற்றோர் மகன்மாரைக் கணினி படிக்க அனுப்பினார்கள். அமெரிக்க நிறுவனத்துக்குக் குறைந்த விலையில் கிடைத்த அந்த இளைஞனின் படிப்புச் செலவில் ஒரு பகுதியை, முகம் தெரியாத ஒரு தெலுங்குப் பெண்ணின் தகப்பன் நிலத்தை விற்றுக் கொடுத்திருந்தார். நிறுவனங்களின் கணக்கறிக்கைகளில் இந்தச் செலவு எங்கும் பதிவாகவில்லை.

பெயர் மாற்றிய குரல்கள்

நிரல் எழுதும் வேலைக்கு அடுத்து வந்தது தொலைபேசி வேலை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் நிதிப்பிரிவு 1997 இல் டில்லிக்கு அருகே குர்கானில் தொடங்கிய மையம் இதற்கு வழிகாட்டியது. அம்மையமே வளர்ந்து 2005 இல் ஜென்பாக்ட் என்ற தனி நிறுவனமாயிற்று. இம்மையங்களில் வேலை செய்த இளைஞர் பலர் இரவில் விழித்திருந்து அமெரிக்கப் பெயர்களில் பேசினார்கள். உச்சரிப்பை மாற்றப் பயிற்சி பெற்றார்கள். மறுமுனையில் இருப்பவர் தன் ஊர்க்காரருடன் பேசுவதாக எண்ண வேண்டும் என்பதே நோக்கம். அமெரிக்காவுக்குப் போன நிரலாளர் சொந்தப் பெயரோடு அயலவர் ஆனார். இவர்களோ பெயரை மறைத்து அயலவராக நடிக்க வேண்டியிருந்தது. பேசுபவர் இந்தியர் என்று தெரிந்ததும் வசைபாடித் தொலைபேசியை வைத்தவர்கள் உண்டு.

வீட்டிலும் உறவுகள் மாறின. தகப்பனார் ஓய்வுபெறும்போது பெற்ற சம்பளத்தை மகள் முதல் ஆண்டிலேயே பெற்றாள். அதேவேளை இரவில் வேலைக்குப் போகும் பெண்ணை அயலட்டை வேறு கண்ணால் பார்த்தது. 2005 டிசம்பரில் பெங்களூரில் இரவுப் பணிக்குச் சென்ற பெண் ஊழியர் ஒருவர், அவரை ஏற்றிச் செல்ல வந்த வாகனச் சாரதியாலேயே கொல்லப்பட்டார். கண்ணாடிக் கட்டடத்துக்குள் அவருக்கு அடையாள அட்டையும் காவலும் இருந்தன. கட்டடத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட பாதையில் அவை இருக்கவில்லை. அதன் பின்னரே பெண்களின் இரவுப் பயணத்துக்கான பாதுகாப்பு பெரிய விவாதமாயிற்று.

கடலின் மறுகரையிலும் உறவுகள் முறிந்தன. வேலை இழக்கப்போகும் அமெரிக்கரே தமக்குப் பதிலாக வருபவருக்கு அவ்வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது இத்தொழிலில் வழக்கமாயிற்று. 2014 இன் இறுதியில் புளோரிடாவில் உள்ள டிஸ்னி நிறுவனத்தின் கணினிப் பிரிவினர் சுமார் 250 பேருக்கு இவ்வாறு நேர்ந்தது அடுத்த ஆண்டு பெரும் செய்தியாக வெளிவந்தது. தன் இடத்தைப் பறிகொடுப்பவரும் அதனைப் பெறுபவரும் ஒரே மேசையில் அருகருகே அமர்ந்து சில வாரங்களைக் கழிக்கிறார்கள். இருவருமே அந்த முடிவை எடுத்தவர்கள் அல்லர். ஒருவரையொருவர் வெறுப்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்குக் காட்டப்படவும் இல்லை.

என் சொந்தத் தொழிலும் இதில் தப்பவில்லை. 2004 இல் ரொய்ட்டர் நிறுவனம் அமெரிக்கக் கம்பனிகள் பற்றிய நிதிச் செய்திகளை எழுத பெங்களூரில் செய்தியாளரை அமர்த்தியது. 2007 இல் கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்துச் செய்தித் தளம் ஒன்று, நகரசபைக் கூட்டங்களை இணையத்தில் பார்த்துச் செய்தி எழுத இந்தியாவில் இருவரை வேலைக்கு எடுத்தது. கூட்டத்தில் பேசப்பட்டதை இந்தியாவில் இருந்து எழுதிவிடலாம். ஆனால் கூட்டம் முடிந்த பின்னர் உறுப்பினர்கள் வாசலில் நின்று பேசுவதை எழுத முடியாது. பிரதேச நிருபர் என்பவர் அந்த வாசலில் நிற்பவர்.

ஊழியர் தமக்குள் கொண்ட உறவு

மென்பொருள் ஊழியர் தொழிற்சங்கம் அமைக்கமாட்டார்கள் என்பது நெடுங்கால நம்பிக்கை. தமிழ்நாட்டில் அது மாறியதற்கும் எமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது சென்னையின் மென்பொருள் ஊழியர் சிலர் ஈழத்தமிழருக்காகக் கண்டனக் கூட்டங்களை நடத்தினார்கள். அதுவரை மின்தூக்கியில் மட்டுமே சந்தித்தவர்கள் அங்கே ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். அந்த அறிமுகத்தின் தொடர்ச்சியாகவே தகவல் தொழில்நுட்ப ஊழியர் மன்றம் உருவானது. 2014 இன் இறுதியில் டி.சி.எஸ். நிறுவனம் ஆள்குறைப்புச் செய்தபோது இம்மன்றம் வெளிப்படையாகக் குரல் கொடுத்தது. 2015 ஜனவரியில், கருவுற்றிருந்த ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இத்துறையில் தொழிற்சங்கம் அமைக்கத் தடை எதுவும் இல்லை என்று 2016 இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. பிறர் துயருக்காகக் கூடியவர்கள் பின்னர் தம் துயருக்காகவும் கூட முடிந்தது.

எமது நாட்டில்

இலங்கையில் இத்தொழில் கொழும்பைச் சுற்றியே வளர்ந்தது. 1996 இல் மிலேனியம் ஐ.டி. தொடங்கப்பட்டது. பங்குச்சந்தைகளுக்கான மென்பொருளை எழுதிய அந்நிறுவனத்தை 2009 இல் லண்டன் பங்குச்சந்தையே வாங்கியது. அதே 1996 இல், இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் கற்றவர்களின் முயற்சியால் அமெரிக்காவில் தொடங்கிய வேர்ச்சுசா நிறுவனம் கொழும்பில் பெரிய மையம் ஒன்றை நடத்தியது. 2005 இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 பிறந்தது. இவற்றின் பின்னால் எல்லாம் வெளிநாட்டில் கற்று, அங்கே நம்பிக்கை பெற்று, இங்கே ஆள்களை அறிந்திருந்தவர்கள் நின்றார்கள். 1983 இன் வன்செயலுக்குப் பின்னர் நாட்டைவிட்டுப் போன தமிழருள்ளும் அத்தகையோர் மிகப் பலர். ஆனால் போர் அவர்களுக்கும் ஊருக்கும் இடையிலான பாதையை மூடியிருந்தது. போர் ஓய்ந்த பின், 2010களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.டி. ஹப் என்ற அமைப்பு புலம்பெயர்ந்தோரையும் உள்ளூர் இளைஞரையும் இணைத்துச் செயற்படத் தொடங்கியது. அந்தப் பாதை சிறிது திறந்ததற்கு அது ஓர் அடையாளம்.

கிராமத்துக்கு வேலை வரலாம் என்பதற்கு எமது நாட்டிலேயே சான்று உண்டு. அநுராதபுர மாவட்டத்தில் வில்பத்து வனத்தின் ஓரத்தில் உள்ள மகாவிலச்சியா என்ற கிராமத்தில் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர், தொண்ணூறுகளின் இறுதியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணினியும் கற்பிக்கத் தொடங்கினார். பிள்ளைகளின் ஆக்கங்களை இணையத்தில் ஏற்றினார். உலகெங்கும் நண்பர்களைத் தேடினார். 2006 இல் கிராமத்து வீடுகள் கம்பியில்லா வலையமைப்பால் இணைக்கப்பட்டன. 2007 அளவில் அக்கிராமத்து இளைஞரின் சிறு அலுவலகம் ஒன்று ஜோன் கீல்ஸ் குழுமத்தின் தரவுப் பதிவு வேலைகளைச் செய்யத் தொடங்கியது. அலுவலகத்துக்கும் வலையமைப்புக்கும் முன்னர் அங்கே இருந்தது, ஓர் ஆசிரியர் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த அறிமுகங்கள்.

எமது கரையோரம்

இனி அம்பாறைக் கரைக்கு வருவோம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று ஒரே நெடுஞ்சாலையில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறி அமைந்த நிலம் இது. இரு சமூகத்தவரும் பேசுவது தமிழ். இரு சமூகத்தவரிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண்வீட்டில் குடியேறுவார். சீதனமாக வரும் வீடு பெண்ணுக்கே உரியது. எழுபதுகளில் இருந்து அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே தமது நூலில் இவ்வழக்கங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

ஆந்திரத்தில் சீதனம் மாப்பிள்ளையோடு கடல் கடந்தது. எமது கரையில் அது வீடாகி மண்ணில் நின்றது. அந்த வீட்டைக் கட்டுவதற்காகவே தாய்மாரும் தமக்கைமாரும் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போனார்கள். மகளின் வீட்டுக்காக மகளைப் பிரிந்து இன்னொருவர் வீட்டில் உழைத்தார்கள். வீட்டைவிட்டு வெளியேறாமல், சொந்தப் பெயரில் உள்ள வீட்டில் இருந்தே செய்யக்கூடிய வேலை என்று ஒன்று வருமாயின், அதற்கு எமது பெண்களைப் போலப் பொருத்தமானவர் எவருமில்லை. உள்ளூரில் படித்தவர்களும் இருக்கிறார்கள். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டு முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது.

ஆனால் எமது கரையின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. 1985 இலும் 1990 இலும் நடந்த வன்செயல்கள் அயலவரை அயலாராக்கின. 2004 டிசம்பர் 26 இல் கடல்கோள் இம்மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் கதவு திறந்தார்கள். கொழும்பின் மென்பொருள் எழுத்தாளர்களும் அவ்வேளையில் கூலி பெறாமல் கூடி, காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்யச் "சஹானா" என்ற மென்பொருளைச் சில வாரங்களில் உருவாக்கினார்கள். அது பின்னர் பாகிஸ்தானின் நிலநடுக்கத்துக்கும் பிலிப்பைன்ஸின் மண்சரிவுக்கும் பயன்பட்டது. ஆனால் எமது ஊர்களில் அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. வீடமைப்பிலும் காணியிலும் பிரதேச செயலக எல்லையிலும் பழைய சந்தேகங்கள் திரும்பின.

இன்று இளைஞர் சிலர் தனியே இணையத்தில் வேலை தேடிக் கொள்கிறார்கள். 2020 இன் கொரோனா முடக்கமும் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் அவர்களை அதன்பால் மேலும் தள்ளின. ஒருநாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாத நாள்களையும் அவர்கள் கண்டார்கள். இணைய வேலைச்சந்தையில் அறிமுகம் செய்பவருக்குப் பதிலாக நட்சத்திரப் புள்ளிகள் இருக்கின்றன. ஆயினும் முதல் வேலை கிடைத்தால்தான் முதல் நட்சத்திரம் கிடைக்கும். அந்த முதல் வேலையைப் பெரும்பாலும் வெளிநாட்டில் உள்ள ஓர் உறவினரோ முன்னே சென்ற நண்பரோதான் வாங்கித் தருகிறார். அத்துடன் தரவுப் பதிவு, எளிய நிரலாக்கம் போன்ற கீழ்ப்படி வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு விழுங்கி வருகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனமே 12,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஏணியின் கீழ்ப்படி மறைந்தால், பிந்தி வந்த ஊர்கள் எதில் கால்வைத்து ஏறுவது?

இவ்வளவும் படித்த பின்னர் எனக்குத் தோன்றுவது இதுதான். தம்பிலுவில் இளைஞன் ஒருவன் லண்டன் வாடிக்கையாளரோடு ஒவ்வோர் இரவும் பேசுகிறான். அக்கரைப்பற்றில் அதே வேலையைச் செய்யும் முஸ்லிம் இளைஞனை அவன் அறியான். இருவரும் ஒரே மொழியில் சிந்திக்கிறார்கள், ஒரே மின்வெட்டில் இருளில் இருக்கிறார்கள், ஒரே வேலைக்கு ஒருவருக்கொருவர் தெரியாமல் விலையைக் குறைத்துப் போட்டியிடுகிறார்கள். தனித்தனியே நின்றால் இவர்கள் கடன்பட்ட முல்லைக்காரரின் நிலைக்கே வருவார்கள். போடியார் மட்டும் கடலுக்கு அப்பால் இருப்பார், கலியாணத்துக்கு நெல்லும் அனுப்பமாட்டார். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கூரையின் கீழ் வேலை எடுத்தால் பேரம் பேசலாம், ஒருவர் நோயுற்றால் மற்றவர் முடித்துக் கொடுக்கலாம், புதியவருக்கு முதல் வேலையைப் பிணை நின்று வாங்கிக் கொடுக்கலாம்.

அந்தப் பத்துப் பேரில் ஐவர் அடுத்த ஊரவராக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் ஊருக்கு உதவ விரும்பினால், கணினிகளை வாங்கி அனுப்புவதோடு நிற்காமல், தம் பெயரைப் பிணையாகக் கொடுத்து முதல் வேலையை வாங்கித் தரலாம். பணத்தைவிட அரிய உதவி அது. அப்படி வாங்கித் தரும் வேலையை இரண்டு ஊர்களுக்கும் சேர்த்துத் தாருங்கள் என்பதே நான் அவர்களிடம் கேட்டுக்கொள்வது.